வீட்டுக்குச் சொல்லும் நேரம்

என் உயிரான அத்தாவுக்கு, உங்கள் மகள் ஷமீமாவின் ஸலாம்.

நம் விமான டிக்கெட் கடையைத் திறந்து பத்து நிமிடம் ஆகிறது. வெளியே தாம்பரம் மேற்கின் வழக்கமான கூச்சல். ஷட்டரைத் தூக்கி, உங்கள் நாற்காலியைத் துடைத்து, அதில் நானே உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு ஆறு மாதம் அதில் உட்காரவே பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. உங்கள் முதுகுவலியும் எனக்கே வந்துவிட்டது. சொத்து என்று வேறென்ன வைத்துவிட்டுப் போனீர்கள்?

நேற்று கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகளுக்கு ஆக்லாந்தில் பிரசவமாம், போக வேண்டுமாம். கூட வந்த மகன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மேடம், சென்னை டு ஆக்லாந்து பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினாலு மணி நேரம்னுதான் இதுல போட்டிருக்கு. நீங்க என்ன இருபத்தோரு மணி நேரம்னு சொல்றீங்க?”

“அது நேரா பறந்தா சார். உங்கம்மா என்ன கொக்கா? சிங்கப்பூர்ல எறங்கி, ஆறு மணி நேரம் உக்காந்து, வேற ஃப்ளைட் ஏற வேணாமா?”

அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அத்தா, ஆக்லாந்து என்று வாயால் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். ஒன்றரை வருஷமாக வருகிறது. நீங்கள் இருந்தவரை உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. உங்களை அடக்கம் செய்த அன்று நடந்ததை மட்டும் இதுவரை சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் கணக்கு கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. “கிலோமீட்டர பைலட்டு பாத்துக்குவான். நமக்கு இன்னாத்துக்கு அது? இந்த வூட்டு வாசப்படி தாண்டுறதுலேர்ந்து அந்த வூட்டு வாசப்படி மிதிக்கிறவரைக்கும் எத்தினி மணி நேரம்? அதான் தூரம்” என்பீர்கள். டிக்கெட் உறையின் பின்பக்கம் பச்சை மையில் தமிழில் எழுதிக் கொடுப்பீர்கள். வீட்டைப் பூட்டும் நேரம், பெருங்களத்தூர் தாண்டும் நேரம், பல்லாவரத்தில் வண்டிகள் நின்றால் எவ்வளவு, உள்ளே வரிசையில் எவ்வளவு, அந்தப் பக்கம் இறங்கிப் பிள்ளையின் காரில் ஏறுகிறவரை எவ்வளவு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத எத்தனை தாய்மார்கள் அந்தப் பச்சை மையை மட்டும் நம்பி உலகத்தின் மறுகோடிக்குப் போய்விட்டு வந்தார்கள்!

அதில் நீங்கள் செய்த தில்லுமுல்லு எனக்குத் தெரியாதா? போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சொல்வீர்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னதாகச் சொல்வீர்கள். எப்போதோ ஜித்தாவிலிருந்து வரவேண்டிய ஒருவர் தாமதமாகிப் போக, விவரம் தெரியாத அவர் மனைவி நம் கடை வாசலிலேயே மயங்கி விழுந்தாராம். அன்றைக்குப் பிடித்த பழக்கம் என்று அம்மா சொல்வார்.

“சொன்ன நேரத்துக்கு ஆளு வரலன்னா வூட்ல கீறவங்க செத்துப் பொழைக்கணும். முன்னாடியே வந்து நின்னா சந்தோசந்தானே?” என்பீர்கள். யார் உங்களை மறுத்துப் பேச முடியும்?

யூசுப் அண்ணன் முதல்முறை ஆக்லாந்துக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? காதர் மாமா திருமுடிவாக்கத்திலிருந்து தன் வெல்டிங் பட்டறை வேனையே கொண்டுவந்தார். பின்னால் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே அண்ணனின் பெட்டி, முன்னால் நாம் அத்தனை பேரும் நசுங்கிக்கொண்டு. நீங்கள் சொன்ன நேரத்துக்குப் போய் இறங்கினால் உள்ளேயே விடவில்லை. தள்ளுவண்டிகளைச் சுற்றி உட்கார்ந்து அம்மா கட்டிக்கொண்டு வந்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டோம்.

“இன்னா மச்சான், ஏர்போர்ட்டு தொறக்கறதுக்கு நம்மளத்தான் சாவி கொண்டாரச் சொன்னாங்களா?” என்று மாமா கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறியது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அல்லவா, அவர் ஒருவரால்தான் உங்களைக் கிண்டல் செய்ய முடியும்.

மறுநாள் அண்ணன் நான்கு மணிக்குத்தான் போன் செய்வான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தீர்கள். இரண்டு மணிக்கே மணி அடித்தது. “பாத்தியா, என் புள்ள சீக்கிரமே போய்ச் சேந்துட்டான்!” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மற்றவர்களின் பிள்ளைகளைவிடத் தன் பிள்ளையின் விமானம் வேகமாகப் பறந்தது என்று கண்ணை மூடுகிறவரை நம்பினார். நீங்களும் நானும் மாமாவும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கள்ளச் சிரிப்பு இப்போதும் எனக்கு முன்னால் இருக்கிறது, அத்தா.

ஆள் வந்து சேர நீங்கள் ஒரு நேரம் சொன்னால் அதில் இரண்டைக் கழித்துக்கொள்வது நம் குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். கடைக்கு நான் வந்து உட்கார்ந்ததும் அந்த இரண்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது. யோசிக்காமலே வாயில் வரும். வெளியூரிலிருந்து உங்கள் மருமகன் வருகிற பேருந்துக்குக்கூட இரண்டு மணி நேரம் சேர்த்துத்தான் மாமியாரிடம் சொல்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் அழுகிற சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் அவனுக்கு டிக்கெட் போட்டேன். அன்று அங்கிருந்து கிளம்பும் கடைசி விமானம். புதன்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்குச் சென்னையில் இறங்கும். கையில் ஒரு பைதான் என்றான். வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தால், எப்படிப் பார்த்தாலும் மூன்று, மூன்றேகாலுக்கு வீட்டில் இருப்பான்.

அன்றைக்கே அடக்கம் செய்வதுதானே நம் வழக்கம்? மகன் வருகிறான் என்பதற்காக ஐஸ் பெட்டி வரவழைத்து மறுநாள் வரை பொறுத்தார்கள். எல்லாரிடமும் பேசிப் பொறுக்க வைத்தது மாமாதான். புதன்கிழமை காலையில், பெண்கள் உட்கார்ந்திருந்த அறையின் வாசலில் வந்து நின்று கேட்டார்.

“யூசுப்பு எத்தினி மணிக்கு வூட்டுக்கு வந்து சேருவாம்மா?”

“அஞ்சு, அஞ்சரை ஆயிடும் மாமா” என்றேன்.

ஆமாம் அத்தா. அழுது வீங்கிய வாயிலும் தொழில் போகவில்லை. மாமா கேட்டது விமானத்தில் வரும் ஆளை எதிர்பார்த்துக் காத்திருக்கிற வீட்டுக்காரர்கள் கேட்பது போலவே இருந்தது, என் வாய் அதுவாகவே பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்ததாம். முடிச்சூர் பக்கம் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நம் கபர்ஸ்தானோ பள்ளம், வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிவிடும். மூன்று மணிக்கு வருகிறான் என்றால் சாயங்கால அஸர் தொழுகை வரை காத்திருக்கலாம் என்றுதான் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அஞ்சரை என்றதும் எல்லாரும் மாமாவைப் பார்த்திருக்கிறார்கள். “தண்ணீல எறக்க முடியாது. லுஹருக்கே எடுத்துடலாம்” என்று மாமா சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு உங்கள் மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முகம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்தேன். தூங்கி எழுந்து என்னைத் திட்டப்போகிறவர் மாதிரிதான் இருந்தீர்கள். ஒன்றேகாலுக்கு உங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவில் ஆண்களின் சத்தம் அடங்கி, வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தோம். அப்போது என் போன் அடித்தது.

“எறங்கிட்டேன் ஷமீ. வந்துட்டேன். அத்தாவ எடுத்துடாதீங்க, நான் வந்துட்டேன்.”

அந்த நிமிடம்தான் எனக்கு அஞ்சரை என்று சொன்னது காதில் விழுந்தது. மாமாவுக்கு அடித்தேன், உங்கள் மருமகனுக்கு அடித்தேன், மறுபடி மாமாவுக்கு அடித்தேன். பள்ளிவாசலுக்குள் போனவர்கள் போனை அணைத்துவைத்திருந்தார்கள். பத்து நிமிட நடைதான், ஓடியாவது போய்ச் சொல்லலாம் என்று வெறுங்காலோடு எழுந்து ஓடினேன். துக்கம் தாங்காமல் ஓடுகிறேன் என்று நினைத்து நாலு பேர் என்னைக் கேட்டிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். “விடுங்கடி, அண்ணன் எறங்கிட்டான்!” என்று கத்தினேன், பிதற்றுகிறேன் என்று நினைத்தார்கள். விடவில்லை.

அண்ணன் வந்தபோது மணி மூன்று ஐந்து. அடக்கம் முடித்து, கையில் மண்ணோடு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தையும் எங்களையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய் மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“ஒரு மணி நேரம் மாமா! அங்கேர்ந்து இங்க வந்திருக்கேன், ஒரு மணி நேரம் தாங்கலையா உங்களால? எங்கத்தா முகத்த இனிமே நான் எங்க போய்ப் பாப்பேன்?”

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். பயம்தான். அவன் முகம் அன்று இருந்த இருப்பில், அது என்னை நோக்கித் திரும்பினால் நான் தாங்கமாட்டேன் என்ற பயம். அன்று மழையும் வரவில்லை, அத்தா. மறுநாளும் வரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் என்னோடு பேசினான். சாப்பாடு, வேலை, அவன் பிள்ளைகள், நம் கடை, எல்லாம் பேசுவான். மாமா பேரை எடுத்தால் மட்டும் போனை வைத்துவிடுவான். பெருநாளுக்கு மாமா அழைத்தால் எடுப்பதில்லை. மாமா மகளின் நிக்காஹுக்கு ஒரு வாழ்த்து இல்லை. சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிசூலம் ஸ்டேஷனில் நின்று விமானம் காட்டிய மனிதர் அவர். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், பெருநாள் கழியட்டும், ரமலான் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன மாதம் மாமா கடைக்கு வந்தார். மாமியோடு மக்காவுக்கு உம்ரா போகிறாராம், ஜித்தாவுக்கு டிக்கெட் போடச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்து, டிக்கெட்டும் போட்டேன். எழுந்து போவார் என்று பார்த்தால் போகவில்லை. கைக்குட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

“கெளம்பறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் மாப்பு கேட்டுகினு வரேம்மா. பக்கத்து பட்டறைக்காரன்கிட்ட, பழைய வேலையாளுங்ககிட்ட, அல்லாருகிட்டயும் கேட்டாச்சு. யார் மனசுலயும் கடுப்ப வெச்சிட்டு மக்கா போவக் கூடாதில்ல? யூசுப்பு ஒருத்தன்தான் கீறான். நான் போட்டா எடுக்க மாட்டான். உன் போன்ல போட்டுக் குடு. மாப்பு கேட்டுக்கறேன்.”

நான் செய்ததற்கு அவர் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறார்! அங்கேயே, உங்கள் மேஜைக்கு இந்தப் பக்கம், உடைந்து அழுதுவிட்டேன்.

“மாமா, நீங்க எதுக்கு கேக்கணும்? அவன் மூணு மணிக்கு வருவான்னு எனக்குத் தெரியும் மாமா. நான்தான் அஞ்சரைன்னு சொன்னேன். அத்தா மாதிரி ரெண்டு மணி நேரம் சேத்துச் சொல்லிட்டேன்.”

மாமா அதிரவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“தெரியும்மா. அவன் வந்து வாசல்ல நின்னப்பவே தெரிஞ்சிபோச்சு. உங்கத்தாகூட எத்தினி வருஷம் குப்ப கொட்டியிருக்கேன், ரெண்டு கழிச்சுக்கணும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நானும் மறந்துட்டேன். மச்சான் போன பேஜார்ல மூளை வேலை செய்யல. அப்போ அது என் தப்பும்தானே?”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா. அவன் உங்க சட்டையப் புடிச்சானே.”

“சொல்லி? எங்கக்கா போயிட்டா. மச்சானும் போயிட்டாரு. நீயும் அவனும்தான் மிச்சம். அவன் என்கிட்ட பேசாட்டி இன்னா, எனக்கு என் புள்ளைங்க கீறாங்க. உன்கிட்ட பேசலன்னா தாம்பரத்துக்கு அவன் இன்னாத்துக்கு வரப்போறான்? வுடு. போன போட்டுக் குடு, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிகினே இருக்கேன்.”

நான் போனைக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மாமாவிடம் குரலை உயர்த்தினேன். “நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க மாமா” என்றேன். கிட்டத்தட்டத் துரத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணனை அழைத்தேன். அங்கே சாயங்காலம். வேலை முடிந்து காரில் போய்க்கொண்டிருந்தான். ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முன்னே பின்னே ஒரு சமாதானமும் சேர்க்கவில்லை. அவன் முதலில் கேட்டது மாமாவைப் பற்றித்தான்.

“மாமாவுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

“அவர் வாங்கிக் கட்டிக்கிட்டதை இவ்ளோ நாளும் நீ பாத்துட்டா இருந்தே?”

ஆமாம் என்றேன். போன் வைக்கப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவன் அழைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மருமகன், “பேசிடுவார், விடு” என்று ஆயிரம் முறை சொன்னார், நான் அவர்மேலேயே எரிந்து விழுந்தேன். மூன்றாவது வாரம் மாமா கடைக்கு ஓடி வந்தார். ஆமாம், இந்த வயதில் ஓடித்தான் வந்தார்.

“போன் பண்ணாம்மா! நான் மாப்புன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் அழ ஆரம்பிச்சுட்டான். ரொம்ப நேரம் பேசினோம். பாதி நேரம் ரெண்டு பேரும் பேசவேயில்ல, அழுதுகினே இருந்தோம்” என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதார். நானும் அழுதேன். டிக்கெட் எடுக்க வந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள். சிரிக்காதீங்க அத்தா, நிஜமாகத்தான்.

எனக்கு அவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு வரி. ‘மாமா கிளம்பறதுக்கு முன்னாடி வரணும், டிக்கெட் போடு.’ ஷமீ என்று இல்லை. எப்படி இருக்கிறாய் என்று இல்லை. போட்டேன். சரி என்று பதிலும் வரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை காலை இறங்குகிறான். நேராக மாமா வீட்டுக்குத்தான் போகப்போகிறானாம், மாமாதான் சொன்னார். நம் வீட்டுக்கு எப்போது வருவான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விமானம் இறங்கும் நேரத்தை மாமாவுக்கு நிமிடம் பிசகாமல் சொன்னேன். அவர் அதிலும் இரண்டைக் கழித்துக்கொண்டு, வேனை எத்தனை மணிக்கு எடுப்பது என்று கணக்குப் போட்டார். “கழிக்காதீங்க மாமா, இது நிஜ நேரம்” என்று தடுத்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து மாமாவும் அண்ணனும் உங்களைப் பார்க்க வருவார்கள். அன்று அவனுக்கு மூன்று பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அவன் என்னை மன்னிப்பானா, அத்தா? நீங்கள் இருந்திருந்தால் அவனிடம் எனக்காகப் பேசியிருப்பீர்களா, இல்லை என்னைத்தான் திட்டியிருப்பீர்களா? இரண்டையும் செய்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெண்கள் உள்ளே வருவது நம் ஊர் வழக்கத்தில் இல்லை. நான் கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். அவன் வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்கலாம், பார்க்காமல் மாமாவின் வேனில் ஏறிப் போய்விடவும் செய்யலாம். எதுவானாலும் அங்கிருந்து நான் நகரமாட்டேன். உள்ளே ஆளனுப்பி அவசரப்படுத்தமாட்டேன், மணி பார்க்கமாட்டேன். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நேரம் அவன் உங்களோடு இருந்துவிட்டு வரட்டும். அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது அவனுடைய நேரம்.

இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கேட்டுக்கு வெளியே நிற்கப்போகும்
உங்கள் மகள்,
யூசுப்பின் தங்கை,
ஷமீமா